தலகாணியோடு வந்த டிரைவர்

காலையில் வேலைக்கு வரும்போது அவர் ஒரு கையில் டிபன் கேரியர் வைத்திருப்பார். இன்னொரு பக்கம் அக்குளில் ஒரு தலையணை இடுக்கியிருப்பார். பார்க்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் யாருக்கோ சாப்பாடு கொண்டுபோகிற ஆள் மாதிரி தெரியும். நீலப் பூப்போட்ட உறை, துவைத்துத் துவைத்துப் பூவெல்லாம் வெளுத்துப்போனது. அதை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போகக் கூடாதா என்று யாராவது கேட்டால், வண்டி கம்பெனியோடது, தலகாணி தன்னோடது என்று சொல்லிவிடுவார். எங்கள் ஆபீசில் எல்லா டிரைவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவருக்கு வேறென்ன வைப்பார்கள், ‘தலகாணி’தான்.

தண்டையார்பேட்டையில் கிடங்குகளுக்கு நடுவே ஒரு டிரெய்லர் ஆபீசில் நான் அப்போது புக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த கண்டெய்னரை எந்த வண்டியில் ஏற்றுவது, யாரை அனுப்புவது என்று பிரித்துக் கொடுக்கிற வேலை. நாள் முழுக்கக் காதில் போன். பகலில் படுப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எங்கள் வீட்டில் பகலில் படுத்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அப்படி வளர்ந்தவள் எதிரில் ஒரு மனுஷன் தலையணையோடு வேலைக்கு வந்து நின்றால் எப்படி இருக்கும்? முதல் சில மாதங்கள் அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரோ வந்த முதல் நாளே என்னிடம் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

“காத்தால நான் டிரைவரு, தங்கச்சி. துன்னப்பறம் மூட்டை. டீ குடிச்சா மறுபடியும் டிரைவரு. மூட்டை கையில வண்டியக் குடுக்காத.”

சொன்னது அத்தனையும் நிஜம். காலையில் அவர் வண்டி எடுப்பதைப் பார்க்க வேண்டும். ஆட்டோ திரும்பவே முனகுகிற எங்கள் கிடங்குச் சந்தில் அந்த நீள டிரெய்லரைப் பின்னாலேயே விட்டு ஒரே மூச்சில் நிறுத்திவிடுவார். வாயில் பாட்டு, எதிர்ப்படுகிறவர்களிடம் கிண்டல், போலீஸ்காரரிடம் குசலம். அதே மனுஷன் மதியச் சாப்பாடு முடிந்ததும் வேறு ஆளாகிவிடுவார். முகம் தொங்கிவிடும். இன்றைய கண்டெய்னரைக் கேட்டால் நேற்றையதைச் சொல்வார். டீக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டால்கூட, “அப்பால கேளு” என்பார். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் அவரிடமிருந்து ஆம், இல்லை என்ற பதில் எதுவும் கிடைக்காது.

யாரைப் புதிதாகப் பார்த்தாலும் பேரைக் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்பது ஒன்றுதான். “நீ இன்னா, காத்தால ஆளா, சாய்ங்காலம் ஆளா?” டீ மாஸ்டரைக் கேட்டார், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியைக் கேட்டார், ராயபுரத்தில் அவர் போகும் கோயிலுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஃபாதரையும் விடவில்லை. சாயங்காலப் பூசையில் பிரசங்கத்தின்போது தலை தொங்கிவிடுகிறது, காலைப் பூசைக்கே வந்துவிடுகிறேன், நீங்களும் நல்ல பிரசங்கத்தைக் காலையிலேயே வையுங்கள் என்று ஃபாதரிடமே சொல்லிவிட்டு வந்தார். தெரியவில்லையே என்று யாராவது பதில் சொன்னால் அவருக்கு ஆச்சரியம் தாங்காது. “பொறந்ததுலேர்ந்து இந்த ஒடம்புக்குள்ளதான குந்திகினு கீற? இதுகூடவா தெரியாது?” என்பார்.

இந்தக் கேள்வி வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அதை வைத்து அவர் ரோட்டில் ஒரு ஏற்பாடே செய்து வைத்திருந்தார்.

அப்போதெல்லாம் ஹார்பர் கேட்டுக்குப் போகிற டிரெய்லர்கள் எர்ணாவூரிலிருந்தே வரிசை கட்டி நிற்கும். திருவொற்றியூர், காசிமேடு என்று கடலோரமாகவே அந்த வரிசை நீளும். சில நாள் கேட்டைத் தொட ஒரு பகல் முழுக்க ஆகும். வண்டி ஓடினாலாவது பரவாயில்லை. ஒரு வண்டி நீளம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். டிரைவர் கண் அயர்ந்த நேரம் முன்னால் இடம் விழுந்தால் பக்கத்திலிருந்து எவனாவது மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் எல்லோரும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தூங்கியும் தூங்காமலும் கிடப்பார்கள். அப்படியே கேட்டைத் தாண்டி, கண்டெய்னரை இறக்கி, அந்தக் கண்ணோடேயே திரும்பவும் ரோட்டில் ஓட்டி வருவார்கள்.

இவர் என்ன செய்தார் என்றால், டிரைவர்களை ஜோடி சேர்த்தார். காலை ஆள் ஒருவர், சாயங்கால ஆள் ஒருவர். ஒருவர் தூங்கும் நேரத்தில் மற்றவர் தன் வண்டியை நகர்த்திவிட்டு இறங்கி வந்து அடுத்தவர் வண்டியையும் நகர்த்த வேண்டும். தூங்குகிறவர் சீட்டுக்குப் பின்னால் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம், சாவி வண்டியிலேயே இருக்கும். நம் வண்டியை வேறு ஆள் தொடக் கூடாது என்பது ஆபீஸ் விதி. விஷயம் எனக்குத் தெரியும். வண்டிகள் ஒழுங்காக வந்து சேர்ந்ததால் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவருடைய ஜோடி எர்ணாவூர்க்காரர் ஒருவர். காலையில் பேயறைந்த மாதிரி இருப்பார், மத்தியானத்துக்கு மேல்தான் உயிர் வரும். ஒரு நாள் இவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். ஜோடிக்காரர் டீ குடிக்கப் போய்த் திரும்பி வந்தார். தன் வண்டிக்குப் பின்னால் இவர் வண்டி மாதிரியே பச்சை கேபின், உள்ளே போர்வை மூடிப் படுத்த ஓர் ஆள், சாவியும் இருக்கிறது. ஏறி நகர்த்தினார். இறங்கித் தன் வண்டி, திரும்ப இந்த வண்டி என்று மத்தியானம் பூராவும் பாடுபட்டு இரண்டையும் கேட் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். செக்யூரிட்டி வந்து பேப்பரைக் கேட்டு எழுப்பியபோது போர்வையை விலக்கி எழுந்தது வேறு ஓர் ஆள். ஆந்திராக்காரர். காலி வண்டியை ரோட்டோரம் ஒதுக்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பலாம் என்று படுத்தவர். வண்டி தானாகவே நடந்து வந்துவிட்டது என்று தெலுங்கில் அழாத குறையாகச் சொன்னாராம். நம்ம ஆள் வண்டியோ எங்கேயோ பின்னால், சுற்றிலும் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு எல்லோரும் தாண்டிப் போக, நடுரோட்டில் நிம்மதியாகக் கிடந்திருக்கிறது.

அன்றைக்கு ஆபீசில் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. டீ குடித்து முடித்துவிட்டு, இனிமேல் தூங்குகிற வண்டிக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்றார். மறுநாளிலிருந்து படுக்கும்போது தலையணை உறையைக் கழற்றிப் பக்கக் கண்ணாடியில் கட்டிவிடுவார். அதைப் பார்த்து மற்ற ஜோடிகள் துண்டைக் கட்டினார்கள். கண்ணாடியில் துணி தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறான், ஹாரன் அடிக்காதே, கதவைத் தட்டாதே என்று அந்த ரோட்டில் ஒரு பழக்கமே வந்துவிட்டது.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். கூட வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் கஷ்டம். மத்தியான டிரிப் எல்லாம் மற்றவர்கள் தலையில் விழும். காலை டிரிப்பை அவருக்கே கொடுக்கிறேன் என்று என்மேல் ஜாடைப் பேச்சு வேறு. ஒரு நாள் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்களுக்கு ஒரு மூட்டை நேரம் இருக்கிறது அண்ணே, ஊரே அதற்கு வழிவிடுகிறது, எனக்கு அப்படி ஒன்று உண்டா என்று யாராவது கேட்டார்களா என்று பொரிந்து தள்ளிவிட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படாமல், சரி, இப்போது நான் கேட்கிறேன், உனக்கு எப்போது என்றார். யோசித்துப் பார்த்தேன். சாயங்காலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் கேட்கிற நேரம். அப்போது யார் வாயைத் திறந்தாலும் எனக்கு எரியும்.

“அப்ப அந்த நேரத்துல புள்ளைங்க மார்க்கு சீட்டப் பாக்காத. காத்தால பாரு. அதே மார்க்குதான் இருக்கும், நீதான் வேற ஆளா இருப்ப.”

பெரிய மனுஷர் மாதிரி பேச வந்துவிட்டார் என்று அன்றைக்கு முணுமுணுத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த பரீட்சைக்கு மார்க் சீட்டைக் காலையில்தான் வாங்கிப் பார்த்தேன்.

எங்கள் முதலாளி வண்ணாரப்பேட்டை பாய். நல்ல மனுஷர், அவசரக்காரர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பிரியாணி சாப்பிட்டால் அவரே ஏசி அறைக் கதவைச் சாத்திக்கொள்வார், அது வேறு விஷயம். ஒரு நோன்பு மாதத்தில் மத்தியானம் திடீரென்று ஒரு கண்டெய்னர் வந்தது. சாயங்காலத்துக்குள் கேட்டில் ஏறாவிட்டால் கப்பல் போய்விடும். எல்லா வண்டியும் வெளியே. ஆபீசில் இருந்தது இவர் ஒருவர், அதுவும் அப்போதுதான் கேரியரைக் கழுவி வைத்திருந்தார். பாய் சாவியை நீட்டினார். இவர் வாங்கவில்லை. ஒரு தூக்கம் தூங்கி எழுந்து எடுக்கிறேன் என்றார். பாய் கத்தினார். நான்கூடக் கெஞ்சினேன்.

“இப்ப எடுத்தா ஓட்றது நான் இல்ல, தங்கச்சி. எவனோ ஓட்டுவான். அவன எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு, உறையைக் கழற்றிக்கொண்டு வண்டிக்குள் ஏறிப் படுத்துவிட்டார்.

கப்பல் போய்விட்டது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் அதே கேரியர், அதே தலையணை, அதே பாட்டு. நேற்றே சொன்னேனே என்று பாய் ஆரம்பித்தார். நேற்று நீ வெறும் வயிற்றில், தண்ணீர்கூடக் குடிக்காமல், பொழுது சாய்கிற நேரத்தில் சொன்னாய் பாய், அது உன் மூட்டை நேரம், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை, இப்போது விடியுமுன் சஹர் சாப்பிட்டுத் தொழுதுவிட்டுத் தெளிவாக இருக்கிறாய், இப்போது போகச் சொன்னால் போய்விடுகிறேன் என்றார் இவர். பாய் டிராயரைத் திறந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இவர்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறேன் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் சொல்லவில்லை. அவர் மனைவி சொல்லித்தான் தெரியும். அந்தம்மா காசிமேட்டில் மீன் வியாபாரம். மகள் கல்யாணத்துக்குப் பிறகு ராயபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் உள்ளே படுத்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் சாப்பிட்டு முடித்து, தேதி பேசலாமா என்று கேட்டபோதும் மனுஷர் இப்படித்தான் எழுந்து போய்ப் படுத்தாராம். அந்தம்மாவுக்கு அவமானத்தில் உயிரே போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா ரயில்வேயில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இன்னொரு தலகாணி இருக்கிறதா என்று கேட்டாராம். இரண்டு சம்பந்திகளும் தூங்கி எழுந்து, டீ குடித்து, அப்புறம்தான் கல்யாணத் தேதி குறித்தார்கள்.

அதைச் சொல்லிச் சிரித்த அந்தம்மா, சிரிப்பு அடங்கிய பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். கல்யாணமான புதிதில் அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாப்பிட்ட கையோடு லோடு எடுத்துக்கொண்டு பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்தபோது கண் மூடிவிட்டது. திறந்தபோது வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஒரு டீக்கடை வாசலில் நிற்கிறது. கடை பெஞ்சில் ஐந்தாறு பேர் கிளாஸும் கையுமாக, எழுந்து ஓடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய முட்டிக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிரேக்கை யார் மிதித்தது என்று அவருக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இந்தத் தலையணையை வாங்கிக்கொண்டு வந்தாராம்.

கடைசியாக அவர் வேலைக்கு வந்தது ஒரு காலை நேரம். சீக்கிரமே டிரிப் எடுத்துப் போனவர். கண்டெய்னரை இறக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஆபீசுக்கு வந்துவிட்டார். பாட்டு இல்லை. சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“எர்ணாவூர்ல டீ குடிச்சிட்டு ஏறினது நெனப்பு கீது. அப்பால காசிமேட்டுல மீன் வாசனை வந்துச்சு. நடுவுல ஒண்ணுமே இல்ல, தங்கச்சி. எவனோ ஓட்டிகினு வந்துட்டான்.”

தூக்கம் சரியில்லையா என்று கேட்டேன். நன்றாகத்தான் தூங்கினாராம். ரோடு காலியாக இருந்திருக்கும், யோசனையில் வந்திருப்பீர்கள், எனக்கும் பஸ்ஸில் அப்படி ஆகும் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

“நடுவுல ஒரு ஸ்கூலு கீது” என்றார்.

பாய் அறையிலிருந்து வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு டிரிப் மட்டும் ஓட்டு, பக்கத்திலேயே கொடுக்கிறேன் என்றார். ஒரு காலத்தில் வராதே என்று கத்தியவர், அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு போகாதே என்றார்.

“மத்தியானத்துல அவன் வருவான்னு தெரியும் பாய். முன்னாடியே கதவச் சாத்திகினு படுத்துடுவேன். இப்ப காத்தாலயே வந்துட்டான். எப்ப வருவான்னே எனக்குத் தெரில. நான் எந்த நேரம் பாத்து வண்டி எடுக்கறது?”

சாயங்காலம் வரைக்கும் யோசித்துச் சொல்லுங்கள் அண்ணே என்றேன். எதற்குச் சாயங்காலம், இதுதான் என் நல்ல நேரம், இதிலேயே யோசித்துவிட்டேன் என்றார்.

பிற்பாடு ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். சர்க்கரை ஏறியிருந்தது. மாத்திரை கொடுத்து, கட்டுக்குள் வந்ததும் பார்க்கலாம் என்றார்களாம். கட்டுக்குள் வந்தது. ஆனால் அவர் திரும்ப வண்டியைத் தொடவில்லை. மகள் வீட்டில் சம்பந்தியோடு சேர்ந்து மத்தியானம் தூங்குகிறார் என்று கேள்வி. நான் போன் செய்தால் காலையில்தான் செய்வேன்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்தக் காலைதான். பாய் உள்ளே போன பிறகு, கொஞ்சம் படுத்துக்கொள்ளட்டுமா என்று சின்னக் குரலில் கேட்டார். காலை நேரத்தில் அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. சுவரோரம் டிரைவர்கள் உட்காரும் பெஞ்சில் தலையணையைப் போட்டுச் சாய்ந்தார். அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டார்.

பத்து வருஷம் அவருடைய தூக்கத்தைக் கிண்டல் செய்திருக்கிறேன். அவர் தூங்கி அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். கவலையில்லாத மனுஷன் என்று நினைத்திருந்தேன். வலது கால் மட்டும் தூங்கவில்லை. பெஞ்சுக்கு வெளியே நீண்டிருந்த அந்தப் பாதம் சும்மா இருக்கும், திடீரென்று வெறும் காற்றை அழுத்தி மிதிக்கும், மறுபடி தளரும். எனக்குப் பேசின் பிரிட்ஜ் டீக்கடை ஞாபகம் வந்தது. அத்தனை வருஷமும், ஒவ்வொரு மத்தியானமும், இந்த மனுஷன் அந்த பெஞ்சுக்காரர்களுக்கு முன்னால் வண்டியை நிறுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேஜைமேல் இருந்த போனை சைலன்ட்டில் போட்டேன். சாப்பாட்டுப் பையில் கை துடைக்க வைத்திருந்த துண்டை எடுத்து, ஆபீஸ் கதவுக் கைப்பிடியில் வெளிப்பக்கமாகக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். டிரிப் கேட்டு வந்த டிரைவர்கள் ஒவ்வொருவராக அதைப் பார்த்தார்கள். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. அவர் எழுந்திருக்கும் வரைக்கும் வெயிலிலேயே நின்றார்கள்.